தேவசகாயம் வாழ்ந்து காட்டிய தேவபக்தி



நம் ஊர்களில் ஒருவரைப் பக்தியுள்ளவர் என்று எப்போது சொல்கிறோம்? நாள் தவறாமல் பூசைக்கு வருகிறவர், செவ்வாய்க்கிழமை நவநாளைத் தவறவிடாதவர், ஆண்டுக்கொரு முறை வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வருகிறவர், திருவிழாச் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கிறவர், இவரைத்தான் சொல்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் புனித பவுல் அடிகளார் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தில் இந்தச் சொல்லை மீண்டும் மீண்டும் எடுத்தாளுகிறபோது, அவர் மனதில் இருந்தது இதைவிடப் பெரியது. கிரேக்கத்தில் அதற்கு எவுசேபியா என்று பெயர். கடவுளுக்குரிய வணக்கத்தைக் கடவுளுக்கும், பெற்றோருக்குரியதைப் பெற்றோருக்கும், ஊருக்குரியதை ஊருக்கும் முறையாகச் செலுத்தும் மனிதனின் குணம் அது. பழைய மொழிபெயர்ப்புகள் அதைத் தேவபக்தி என்றன. இன்றைய பொது மொழிபெயர்ப்பு இறைப்பற்று என்கிறது. இரண்டும் நல்ல சொற்களே. அதே திருமுகத்தில் பவுல் ஓர் எச்சரிக்கையும் தருகிறார். தேவபக்தியை வருமானத்துக்கு வழியாக எண்ணுகிறவர்கள் சபையில் உண்டு என்பதே அது.

இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேடி நாம் உரோமைக்கோ எருசலேமுக்கோ போக வேண்டியதில்லை. மார்த்தாண்டத்திற்கு அருகே நட்டாலத்தில் பிறந்து, கோட்டாற்றில் அடக்கமாகியிருக்கும் ஒரு மனிதரின் வாழ்வைப் படித்தாலே போதும். புனித தேவசகாயத்தின் கதை நமக்குத் தெரிந்ததுதானே என்று சிலர் நினைக்கக்கூடும். எருமை, எருக்கம்பூ மாலை, மிளகாய், மலைமேல் துப்பாக்கிச் சூடு என்று நாடக மேடைகளில் பார்த்துப் பார்த்து அது நமக்குப் பழகிப்போய்விட்டது. பழகிப்போன கதையை மீண்டும் நிதானமாகப் படிப்பது நல்லது.

நீலகண்டன் என்பது பெற்றோர் இட்ட பெயர். 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் நட்டாலத்தில் பிறந்தார். தந்தை வாசுதேவன் நம்பூதிரி காயங்குளம் பகுதியைச் சேர்ந்தவர். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பூசைப் பணி செய்தவர். தாய் தேவகி அம்மை நாயர் குலத்தவர். அக்கால வழக்கப்படி பிள்ளை தாய்வீட்டில், தாய்மாமனின் கண்காணிப்பில் வளர்ந்தார். நட்டாலம் சாதாரண ஊர் அல்ல. சிவராத்திரி அன்று கோவிந்தா கோபாலா என்று கூவிக்கொண்டு நம் சகோதர இந்துக்கள் ஓடுகிறார்களே, அந்தச் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டாவது கோயில், ஓட்டம் நிறைவுபெறும் இடம், திருநட்டாலம்தான். அந்தச் சூழலில் வளர்ந்த பிள்ளைக்குப் பக்தி புதிதல்ல. மலையாளமும் தமிழும் வடமொழியும் கற்றார். வர்மமும் படைக்கலப் பயிற்சியும் பெற்றார்.

வாலிபரானதும் பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை கிடைத்தது. 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா மகாராசாவின் காலம் அது. அரண்மனையின் அருகே உள்ள நீலகண்டசுவாமி கோயிலின் கருவூலப் பொறுப்பு இவரிடம் வந்தது. அந்தக் கோயிலும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டில் ஒன்று. தன் பெயரையே கொண்ட தெய்வத்தின் கோயிலில் கணக்குப் பார்த்த மனிதர் அவர். மயிலாடிப் பக்கமோ வேறெங்கோ இருந்து வந்த அயலார் அல்ல; மண்ணின் மைந்தர், கோயிலின் ஊழியர், அரசரின் நம்பிக்கைக்குரியவர். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்துகொண்டார். வீடு, வயல், மாடு, மரியாதை எல்லாம் இருந்தன.

பிறகு எல்லாம் சரியத் தொடங்கியது. மாடுகள் செத்தன, பயிர் பொய்த்தது, சொத்து கரைந்தது என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வேளாண்மை செய்கிற நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கன்னிப்பூவும் கும்பப்பூவும் அடுத்தடுத்துப் பொய்த்தால் ஒரு வீடு என்ன ஆகும் என்பது நாஞ்சில் நாட்டில் பிறந்த எவருக்கும் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் முதலில் எழும் கேள்வி, இத்தனை நாள் கும்பிட்டதற்கு என்ன பலன் என்பதே. அவரும் அந்தக் கேள்வியோடுதான் அலுவலகத்துக்குப் போனார்.

அலுவலகத்தில் அவரோடு இருந்தவர் ஓர் அயல்நாட்டுக் கைதி. 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் குளச்சல் போரில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. ஓர் ஐரோப்பிய வல்லரசை ஓர் ஆசிய அரசு வென்ற அந்தப் போர், நம் கடற்கரையில்தான் நடந்தது. அதில் பிடிபட்டவர்களுள் ஒருவர் எஸ்தாக்கியுஸ் தெ லனாய். அவருடைய திறமையைக் கண்ட மன்னர் அவரைத் தம் படைக்குப் பயிற்சியளிக்க அமர்த்திக்கொண்டார். உதயகிரிக் கோட்டையை 1741-க்கும் 1744-க்கும் இடையே புதுப்பித்துக் கட்டியவர் அவர். பின்னாளில் மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். அந்தக் கோட்டை வேலையை மேற்பார்க்கும் பொறுப்பில் நீலகண்டனும் இருந்தார். தெ லனாய் கத்தோலிக்கர்.

இந்த இடத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நீலகண்டனுக்குக் கிறிஸ்துவைச் சொன்னவர் குருவானவர் அல்லர், மறைபரப்பாளர் அல்லர், உபதேசியார்கூட அல்லர். போரில் தோற்று, நாட்டையும் படையையும் இழந்து, வென்றவரிடமே கூலிக்கு வேலை செய்த ஒரு சிப்பாய். அவர் எடுத்துச் சொன்னதும் இயேசு செய்த புதுமைகளை அல்ல. பழைய ஏற்பாட்டின் யோபுவின் கதையை. இழந்தவன் இழந்தவனுக்குச் சொல்ல வேறு எந்தக் கதை பொருத்தம்?

யோபுவின் நூலை நாம் பெரும்பாலும் பொறுமைக்கு எடுத்துக்காட்டு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். குருமடத்தில் எங்களுக்கு மறைநூல் கற்பித்த பேராசிரியர் ஒருவர், அந்த நூலின் முதுகெலும்பே அதன் முதல் அதிகாரத்தில் சாத்தான் கடவுளிடம் கேட்கும் கேள்விதான் என்பார். யோபு ஆதாயம் இல்லாமலா உமக்கு அஞ்சி நடக்கிறான் என்ற பொருளில் அமைந்த கேள்வி அது. வேலி போட்டுக் காத்தால் யார்தான் பக்தியாக இருக்கமாட்டார்கள்? வேலியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? நூலின் நாற்பத்திரண்டு அதிகாரங்களும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகின்றன. யோபு புலம்புகிறார், வாதாடுகிறார், நண்பர்களின் ஆறுதலைத் தூக்கி எறிகிறார். ஆனால் கடவுளை விட்டு விலகுவதில்லை. பண்டமாற்று இல்லாத பக்தி ஒன்று உண்டு என்பதை உதயகிரிக் கோட்டையின் சுவர்களுக்கிடையே நீலகண்டன் முதன்முதலாகக் கேட்டார். தெ லனாயின் பேச்சைக் கேட்டதும் இழந்த மாடுகள் திரும்பி வந்ததாக யாரும் எழுதவில்லை. அவர் கிறிஸ்துவிடம் வந்தது அதற்காகவும் இல்லை.

திருமுழுக்குப் பெற அவர் திருவிதாங்கூருக்கு வெளியே போக வேண்டியிருந்தது. அரண்மனை அலுவலர், உயர்குலத்தவர், கோயில் பொறுப்பாளர் ஒருவர் மதம் மாறுவது அன்று எளிய செயலன்று. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, இன்று நெல்லை மாவட்டத்தில் இருக்கும் வடக்கன்குளத்துக்குப் போனார். மதுரை மறைப்பணித் தளத்தைச் சேர்ந்த இயேசு சபைக் குருவானவர் ஜொவான்னி பத்திஸ்தா புத்தாரி அடிகளார், நம் மக்கள் பரஞ்சோதிநாதர் என்று அழைத்தவர், அங்கே பங்குப் பொறுப்பில் இருந்தார். 1745-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் திருக்குடும்ப ஆலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. இலாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று இட்டார்கள். எபிரேய மொழியில் அப்பெயருக்குக் கடவுள் உதவினார் என்பது பொருள். பின்னர் பார்கவி அம்மாளும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். தெரேசா என்ற பெயரின் தமிழ் வடிவம் அது.

கதாபிரசங்கங்கள் பொதுவாக இங்கிருந்து ஒரே தாவலில் சிறைக்குப் போய்விடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. திருமுழுக்குக்கும் கைதுக்கும் இடையே மூன்று ஆண்டும் ஒன்பது மாதமும் உண்டு. அந்தக் காலம் முழுவதும் தேவசகாயம் அதே அலுவலகத்தில் அதே அரசருக்கு வேலை செய்தார். குருமடத்துக்குப் போகவில்லை. துறவியாகவில்லை. காலையில் எழுந்து செபித்துவிட்டு, கோட்டை வேலைக்குப் போய், ஆட்களைக் கண்காணித்து, கணக்கு முடித்து வீடு திரும்பும் குடும்பஸ்தராகவே இருந்தார். அவருடைய தேவபக்தி வெளியே தெரிந்த இடங்கள் இரண்டு. ஒன்று, கோயில் சடங்குகளில் இனிக் கலந்துகொள்ள இயலாது என்று ஒதுங்கிக்கொண்டார். மற்றொன்று, தம்மைவிடத் தாழ்ந்தவர் என்று ஊர் சொன்ன கிறிஸ்தவர்களோடு பேதமின்றிப் பழகினார். அவர்களோடு அமர்ந்து உண்டார்.

இந்த இரண்டாவதுதான் கொதிப்பை உண்டாக்கியது என்பது என் கருத்து. முதலாவதை ஒருவேளை பொறுத்திருப்பார்கள். அன்றைய திருவிதாங்கூரில் யார் எத்தனை அடி தூரத்தில் நிற்க வேண்டும், யார் எந்தப் பாதையில் நடக்கக்கூடாது என்பதெல்லாம் வகுக்கப்பட்டிருந்தது. புனித சவேரியார் 1544-ஆம் ஆண்டின் இறுதியில் இதே திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரு மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்கு அளித்ததாக எழுதியிருக்கிறார். அன்று முதல் கடலோரத்தில் கிறிஸ்தவர்கள் இருந்துகொண்டேதான் இருந்தார்கள். அதனால் அரண்மனையின் கூரை இடிந்து விழவில்லை. வலைஞர் வேதத்தில் சேர்வதால் யாருக்கும் நட்டமில்லை. அரண்மனைக்காரர் வலைஞரோடு ஒரே பந்தியில் அமர்ந்தால்தான் கட்டுக்கோப்பு ஆடுகிறது. தேவசகாயம் எந்த மேடையிலும் சமத்துவம் பேசவில்லை. பந்தியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

மார்த்தாண்ட வர்மாவை ஒரு கொடுங்கோலனாகச் சித்தரிப்பது நம் மேடைகளுக்கு எளிது. அது நியாயமன்று. தெ லனாய்க்கு உயர்பதவி கொடுத்தவர் அவர்தான். உதயகிரிக் கோட்டைக்குள் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு இடம் இருந்ததும் அவர் ஆட்சியில்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1750-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், தேவசகாயம் கைதியாய் இருந்த அதே காலத்தில், மன்னர் தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து, தம்மைப் பத்மநாபதாசன் என்று அறிவித்தார். அவரும் தம் வழியில் பக்தியுள்ளவரே. ஆனால் அவர் பக்தி, அரசையும் கோயிலையும் குலமுறையையும் ஒரே கயிற்றில் கட்டிய பக்தி. அதில் ஓர் இழையை ஒருவர் அவிழ்த்தாலும் முழுக் கயிறும் தளர்ந்துவிடும் என்று சுற்றியிருந்தவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம்தான் தேவசகாயத்தைக் குற்றவாளியாக்கியது.

இராசத் துரோகம், அரசின் இரகசியங்களை அயலாருக்கும் ஐரோப்பியருக்கும் சொன்னது என்பவை சாட்டப்பட்ட குற்றங்கள். 1749 பிப்ரவரி 23 அன்று கைது செய்யப்பட்டார். திருவிதாங்கூர் அரச ஆவணங்களில் மதத்துக்காக அவர் தண்டிக்கப்பட்டதற்குச் சான்று இல்லை என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் நம் காலத்தில் உண்டு. கேள்வி கேட்பது அவர்கள் உரிமை. திருச்சபையின் பக்கத்தில் இருக்கும் சான்று பழமையானது. அவர் இறந்த நான்கே ஆண்டுகளில், 1756-இல், கொச்சி ஆயர் கிளெமந்தே கொலாசோ லெயித்தான் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் இந்த மரணத்தை எழுதியிருக்கிறார். அப்போது நேரில் கண்டவர்களும் அறிந்தவர்களும் உயிரோடு இருந்தார்கள். ஒரு குற்றவாளியைப் புனிதராக்கிக் காட்ட அன்றைய ஆயருக்கு எந்த ஆதாயமும் இருந்ததாகத் தெரியவில்லை. மன்னரின் நாட்டில் அவருடைய மக்கள் வாழ்ந்தார்கள். பேசாமல் இருப்பதே அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

கைதுக்குப் பிறகு இரண்டு ஆண்டும் பத்து மாதத்துக்கு மேலும். அந்தச் சித்திரவதைகளை விரிவாக எழுத எனக்கு மனமில்லை. கைகளைப் பின்னால் கட்டி, எருக்கம்பூ மாலை சூட்டி, எருமையின்மேல் பின்புறம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். எருமைக்கும் எருக்குக்கும் நம் ஊரில் என்ன பொருள் என்று தெரிந்தவர்களுக்கு, அந்தத் தண்டனையின் நோக்கம் வலி மட்டும் அன்று என்பது புரியும். அரண்மனை மரியாதையோடு நடந்த தெருக்களிலேயே அவரை நகைப்புக்கு இடமாக்க வேண்டும். பார்க்கிற உயர்குலத்தவருக்கு அது ஒரு பாடமாக வேண்டும். அடித்தார்கள். காயத்தில் மிளகாய்ப்பொடி பூசினார்கள். வெயிலில் நிறுத்தினார்கள். குடிக்க அழுக்குநீர் கொடுத்தார்கள்.

புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது, பாறையில் முழங்கையால் இடித்ததும் நீர் சுரந்தது என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. முட்டிடிச்சான் பாறை என்று அந்த இடம் இன்றும் அழைக்கப்படுகிறது, ஆலயமும் இருக்கிறது. பெருவிளையில் ஆராச்சாரின் பொறுப்பில் வேப்பமரத்தில் கட்டப்பட்டுக் கிடந்தார். அங்கே அவரைப் பார்க்க மக்கள் வரத் தொடங்கினார்கள். நோயாளிகளுக்கு அந்த மரத்தின் இலையைக் கொடுத்துச் செபித்தார் என்றும், பிள்ளையில்லாத ஆராச்சார் வீட்டில் பிள்ளை பிறந்தது என்றும் பாரம்பரியம் சொல்கிறது. நம்மிடம் நேர்ச்சை வைக்கிறவர்கள் இந்த நிகழ்ச்சிகளைத்தான் அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. தம் கட்டை அவிழ்க்கும்படி அவர் யாரிடமும் கேட்டதாக அந்தப் பாரம்பரியத்தில் இல்லை. இலை பறித்துக் கொடுத்ததெல்லாம் பிறருக்காக. தம்மைக் கொல்ல வேண்டிய ஆளின் வீட்டுக்காகவும்.

ஒவ்வொரு கட்டத்திலும் அவருக்கு ஒரு வாசல் திறந்திருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. பழைய வழிபாட்டுக்குத் திரும்பினால் பதவியும் வீடும் மீண்டும் கிடைக்கும். வெளிச்சடங்குக்கு மட்டும் தலைகாட்டிவிட்டு உள்ளத்தில் கிறிஸ்துவை வைத்துக்கொள்ளலாமே என்று நம்மில் பலர் யோசிப்போம். திருச்சபையின் முதல் நூற்றாண்டுகளில் உரோமைப் பேரரசிலும் இதே யோசனை இருந்தது. ஒரு சிட்டிகைத் தூபம் போட்டால் போதும் என்று அன்றைய அதிகாரிகளும் சொன்னார்கள். பலர் போட்டார்கள். மறுத்தவர்களின் பெயர்களைத்தான் நாம் பூசையில் சொல்லுகிறோம்.

மக்கள் கூட்டம் பெருகவே, அவரை நாட்டின் எல்லைக்கு, ஆரல்வாய்மொழிக் காட்டுக்கு அனுப்பினார்கள். காற்று ஓயாமல் அடிக்கும் இடம் அது. இன்று முப்பந்தல் வரை காற்றாலைகள் சுழல்கின்றனவே, அதே காற்று. வடக்கன்குளம் அங்கிருந்து கணவாய்க்கு அப்பால்தான். காவலர்களில் சிலர் கண்டும் காணாமலும் இருந்தார்கள் என்றும், தப்பிப்போக வழி இருந்தும் அவர் போகவில்லை என்றும் நம் முன்னோர் சொல்லிவந்திருக்கிறார்கள். காட்டில் பெரும்பகுதி நேரம் செபத்தில் கழிந்தது. அங்கேயும் ஆட்கள் தேடி வந்தார்கள். கடைசியில் மரண ஆணை வந்தது. 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் இரவு, காற்றாடிமலைக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். வயது நாற்பது நிறையவில்லை. கிறிஸ்தவராய் வாழ்ந்தது சரியாக ஆறு ஆண்டும் எட்டு மாதமும்.

உடலை அடக்கம் செய்யவில்லை, காட்டில் எறிந்துவிட்டார்கள். சில நாட்களுக்குப் பின் நம் மக்கள் தேடிப்போய், எஞ்சிய எலும்புகளைச் சேகரித்து, கோட்டாறு சவேரியார் கோவிலில் பீடத்தின் அருகே அடக்கினார்கள். அப்போது அது மறைமாவட்டப் பேராலயம் அன்று. கோட்டாறு மறைமாவட்டம் உருவானது 1930-இல்தான். எலும்பைத் தேடிப் போனவர்கள் யார் என்பதற்குப் பெயர்ப்பட்டியல் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அரச தண்டனை பெற்றவரின் உடலைத் தொடுவது என்ன ஆபத்து என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

அதன்பின் திருச்சபை அவசரப்படவில்லை. இருநூற்று அறுபது ஆண்டுகள் போயின. அதற்குள் மக்கள் தாங்களாகவே அவரை வேதசாட்சி என்று அழைத்து, மலைமேல் விளக்கேற்றி, நாடகம் எழுதி, பிள்ளைகளுக்குப் பெயரிட்டு வைத்துக்கொண்டார்கள். குமரி மாவட்டத்தில் தேவசகாயம் என்ற பெயர் இல்லாத ஊர் உண்டா? 2012 ஜூன் மாதம் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரது மறைசாட்சியத்தை ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவில் கார்மல் பள்ளி மைதானத்தில் கர்தினால் ஆஞ்சலோ அமாத்தோ அவரை முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தார். அன்று அந்த மைதானத்தில் நின்றவர்கள் நம் பங்கிலும் பலர் உண்டு. 2022 மே 15 அன்று உரோமையில் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். அன்று புனிதராக உயர்த்தப்பட்ட பத்துப் பேரில் அவரும் ஒருவர். இந்தியாவின் பொதுநிலையினரில் முதலாமவர்.

புனிதர் பட்ட ஏற்பாடுகளின்போது ஒரு காரியம் நடந்தது. அவருடைய பெயரோடு நீண்ட காலமாக ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டத்தை நீக்க வேண்டும் என்று நம் மக்களில் சிலர் உரோமைக்கு எழுதினார்கள். உரோமை அதை ஏற்றுக்கொண்டு, வெறுமனே தேவசகாயம் என்றே அறிவித்தது. இதனால் வருந்தியவர்களும் உண்டு. வரலாற்றை மாற்றலாமா என்று கேட்டார்கள். எல்லாரோடும் பந்தியில் அமர்ந்ததற்காக அடிபட்ட மனிதரின் பெயரில் அந்த வால் தொங்கியதுதான் எனக்குப் பொருந்தாததாகத் தோன்றியது. நாம் மற்றவர்களைக் குறை சொல்லும் முன் ஒன்றை நினைக்க வேண்டும். அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவருக்குப் பின் வந்த தலைமுறைகள் கோவிலுக்குள்ளேயே சாதிவாரியாகப் பிரிந்து நின்று பூசை கண்டார்கள். நடுவே எழுப்பிய சுவரை 1910-இல்தான் இடித்தார்கள். இடித்ததற்காக நீதிமன்றம் வரை போனார்கள். சுவரின் இருபுறமும் முழந்தாளிட்டிருந்தவர்கள் செபமாலை சொல்லாதவர்கள் அல்லர். நம் மறைமாவட்டத்தில் அப்படிச் சுவர் இல்லை என்று நாம் ஆறுதலடையலாம். ஆனால் கல்யாணப் பேச்சு வரும்போதும், பங்குப் பேரவைத் தேர்தல் வரும்போதும், கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்கும்போதும் என்ன நடக்கிறது என்பது அன்பியக் கூட்டங்களில் உட்கார்ந்த எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பொன்விழா ஆண்டில் நம் பங்கிலிருந்து காற்றாடிமலைக்கும் கோட்டாற்றுக்கும் திருப்பயணம் போக ஏற்பாடாகியிருக்கிறது. போகிறவர்கள் நேர்ச்சைக் காணிக்கையோடு போவார்கள். வேலை கிடைக்க வேண்டும், பிள்ளைக்கு விசா வர வேண்டும், குழந்தை பிறக்க வேண்டும் என்ற மன்றாட்டுகள் இருக்கும். கேளுங்கள். கேட்பதற்கு இயேசுவே நமக்கு அனுமதி தந்திருக்கிறார். அவருடைய புனிதர் பட்டத்துக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட புதுமையே, தாயின் கருவில் இருந்த ஒரு குழந்தைக்குக் கிடைத்த நலம்தான். ஆனால் கேட்டது கிடைக்காமல் இறங்கி வரும் நாளில், அந்த மலையில் தமக்கென்று எதுவும் பெறாமல் விழுந்த மனிதரையும் சற்று நினைத்துப் பாருங்கள்.

திருப்பயணம் போகிறவர்களிடம் எனக்கு இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ஆரல்வாய்மொழியோடு திரும்பிவிடாதீர்கள். கணவாயைத் தாண்டி வடக்கன்குளம் வரை போங்கள். கணவர் சிறைப்பட்டதும் ஞானப்பூ அம்மாளுக்கு என்ன ஆயிருக்கும் என்று யாரும் அதிகம் பேசுவதில்லை. புகுந்த மதத்தை விட்டுப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தால் ஊர் மன்னித்திருக்கும். அவர் போகவில்லை. கணவர் ஞானஸ்நானம் பெற்ற ஊருக்கே வந்து, கைம்பெண்ணாகப் பதினான்கு ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, 1766-இல் இறந்தார். அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குத் தேரில்லை, கொடியேற்றமில்லை, நவநாள் இல்லை. வடக்கன்குளம் போகிறவர்கள் அந்த அம்மாளை நினைத்து ஒரு பரலோக மந்திரமாவது சொல்லிவிட்டு வாருங்கள்.